தீவிரச் சாகுபடி நிலைத்து நிற்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே நிலத்திலிருந்து முடிந்த மட்டும் அதிக விளைச்சல் எடுப்பதற்காக உரம், பாசனம், வீரிய ரகம், பூச்சிமருந்து, இயந்திரம் எல்லாவற்றையும் கூட்டிப் போடும் முறையைத்தான் இங்கே தீவிரச் சாகுபடி என்கிறேன். இது விவசாயிக்குக் கட்டுப்படியாகுமா, மண்ணும் நீரும் மிஞ்சுமா என்று விவசாயிகளும் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விவசாயியின் கையைக் கடிப்பதும் சூழலைக் கெடுப்பதும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் நடக்கின்றன: பயிர் எடுத்துக்கொள்ளாத கடைசி மூட்டை உரத்தில், அவசியமில்லாத கடைசித் தெளிப்பில், வேரைத் தாண்டி இறங்கிப் போகும் கடைசித் தண்ணீரில். அங்கே கைவைத்தால் இரண்டு கணக்கும் ஒன்றாகவே நேராகும். அதற்கு மேல் செய்ய வேண்டியதை விவசாயியின் தலையில் மட்டும் கட்டக் கூடாது.

தீவிரச் சாகுபடி என்பதே தப்பான வழியா?

இல்லை. 1961இல் உலக அளவில் ஒரு ஹெக்டேருக்குத் தானிய விளைச்சல் சராசரியாக 1.4 டன்கூட இல்லை. இன்று அது ஏறத்தாழ 4 டன். இடைப்பட்ட காலத்தில் மக்கள்தொகை 300 கோடியிலிருந்து 800 கோடியாகிவிட்டது. சாகுபடிப் பரப்போ அந்த வேகத்தில் ஏறவே இல்லை. விளைச்சல் பழைய இடத்திலேயே நின்றிருந்தால் இன்னும் எவ்வளவோ காட்டையும் புல்வெளியையும் உழுதிருப்பார்கள். இல்லாவிட்டால் பலர் பட்டினி கிடந்திருப்பார்கள்.

இதற்கு அடித்தளம், காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றும் தொழில்நுட்பம். ஃபிரிட்ஸ் ஹேபர் 1909இல் அதை ஆய்வகத்தில் செய்து காட்டினார். கார்ல் போஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுவந்தார். 1913இல் ஜெர்மனியின் ஒப்பாவில் முதல் ஆலை ஓடத் தொடங்கியது. இன்று உலகில் ஏறத்தாழ பாதிப் பேரின் உணவு அந்த வழியில் வந்த உரத்தை நம்பித்தான் விளைகிறது. அந்தப் பாதிப் பேருக்கு எங்கிருந்து சாப்பாடு வரும் என்று சொல்லாமல் "உரமே வேண்டாம்" என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

அப்படியானால் சிக்கல் எங்கே தொடங்குகிறது?

அளவில். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. ஆனால் இந்த வடிவம் எந்த வயலிலும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

ஒரு கிலோ தழைச்சத்தின் (அதாவது நைட்ரஜனின்) விலையும் நான்கு கிலோ தானியத்தின் விலையும் சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹெக்டேருக்கு முதல் 50 கிலோ தழைச்சத்து போட்டதும் 1,000 கிலோ தானியம் கூடுகிறது. அடுத்த 50 கிலோவுக்கு 600 கிலோ. மூன்றாவது 50 கிலோவுக்கு 250. நான்காவது 50 கிலோவுக்கு வெறும் 80. ஒவ்வொரு 50 கிலோவுக்கும் செலவு 200 கிலோ தானியத்துக்குச் சமம். முதல் இரண்டு தவணைகள் அள்ளிக் கொடுக்கின்றன. மூன்றாவதில் மிஞ்சுவது 50 கிலோ தானியம்தான். நான்காவதில் 120 கிலோ நட்டம்.

இதில் கவனிக்க வேண்டியது, மிக உயர்ந்த விளைச்சல் அந்த நான்காவது தவணையில்தான் வருகிறது என்பது. களத்தில் குவியல் பெரிதாகத் தெரியும், பணப்பை இளைத்திருக்கும். அதிக விளைச்சலும் அதிக லாபமும் ஒரே புள்ளியில் நிற்பதில்லை. அந்த நான்காவது தவணை உரத்தில் பயிர் எடுத்துக்கொண்டது சொற்பம் என்பதால், மிச்சமெல்லாம் காற்றிலும் நீரிலும் கலக்கிறது. நட்டமும் மாசும் ஒரே மூட்டையிலிருந்து வருகின்றன என்று நான் சொல்வது இதைத்தான்.

தெரிந்தும் ஏன் கூடுதலாகப் போடுகிறார்கள்?

பயம்தான் பெரிய காரணம், அது நியாயமான பயமும்கூட. உரம் குறைந்து விளைச்சல் விழுந்தால் அந்தப் பருவமே போச்சு. கொஞ்சம் கூடினால் சிறு செலவோடு போய்விடும். கடன் வாங்கிச் சாகுபடி செய்பவர் எந்தப் பக்கம் சாய்வார் என்பதில் சந்தேகமே இல்லை. அப்புறம், எந்த ஆண்டில் மண்ணே எவ்வளவு சத்து தரும் என்பது மழையையும் வெப்பத்தையும் பொறுத்து மாறுகிறது. விதைக்கும்போது அது யாருக்கும் தெரியாது. மானியத்தில் மலிவாகக் கிடைக்கும் உரம் இந்தச் சாய்வை இன்னும் கூட்டுகிறது. தழைச்சத்து தரும் யூரியா மட்டும் மலிவாக இருந்து மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) விலை ஏறினால், பயிருக்கு வேண்டிய விகிதமே கெட்டுவிடும். விவசாயிக்கு அறிவில்லை என்று இதை முடித்துவிடுவது அநியாயம்.

போட்ட உரம் எங்கேதான் போகிறது?

உலக அளவில் பயிர்களுக்குக் கிடைக்கும் தழைச்சத்தில் பாதியளவுதான் அறுவடையோடு வீட்டுக்கு வருகிறது. மீதிக்கு மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது காற்று. ஈர மண்ணின் மேல் யூரியா மணியைத் தூவிவிட்டால், மண்ணிலுள்ள நொதி அதைச் சில நாட்களிலேயே உடைக்கும். மணியைச் சுற்றி ஒரு சிறு வட்டத்தில் மண் காரத்தன்மைக்கு மாறி, அங்கிருந்து அம்மோனியா ஆவியாகக் கிளம்பும். வெயிலும் காற்றும் சேர்ந்தால், போட்டதில் கால்பங்குகூட ஒரு வாரத்துக்குள் போய்விடலாம். சில சென்டிமீட்டர் ஆழத்தில் மண்ணால் மூடினாலோ, தூவிய கையோடு தண்ணீர் விட்டு உள்ளே இறக்கினாலோ இந்த இழப்பு வெகுவாகக் குறையும். செலவில்லாத இந்த ஒரு வேலை பல இடங்களில் நடக்காமல் போவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம்.

இரண்டாவது, கீழ்நோக்கிய வழி. மண்ணில் தழைச்சத்து நைட்ரேட்டாக மாறுகிறது. நைட்ரேட்டுக்கு எதிர்மின்னூட்டம், களிமண் துகளுக்கும் அதேதான். அதனால் மண் அதைப் பிடித்து வைக்காது. தண்ணீர் இறங்கினால் கூடவே இறங்கும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதைத் தாண்டினால் கைக்குழந்தைகளின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கும் ஆபத்து இருக்கிறது. ஆற்றில் கலந்தது கடலுக்குப் போகிறது. அமெரிக்காவின் மக்காச்சோள வயல்களிலிருந்து மிசிசிப்பி வழியாக மெக்சிகோ வளைகுடாவில் சேரும் சத்துகளால் ஒவ்வொரு கோடையிலும் அங்கே ஆக்சிஜன் வற்றிய பகுதி உருவாகிறது. 2017இல் அதன் பரப்பு சுமார் 22,700 சதுர கிலோமீட்டர்.

மூன்றாவது, நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயு. எடையில் பார்த்தால் கொஞ்சம்தான், போட்ட நைட்ரஜனில் நூற்றில் ஒரு பங்கு அளவு. ஆனால் நூறு ஆண்டுக் கணக்கில் ஒவ்வொரு கிலோவும் 273 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும்.

விளைச்சல் கூடியும் கையில் காசு நிற்கவில்லையே, ஏன்?

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் வில்லார்ட் காக்ரேன் 1958இலேயே இதை விளக்கிவிட்டார். புதிய ரகமோ இயந்திரமோ வரும்போது முதலில் எடுத்துக்கொள்பவருக்குச் செலவு குறைகிறது, சந்தை விலை பழையபடியே இருக்கிறது, லாபம் வருகிறது. எல்லோரும் எடுத்துக்கொண்டதும் மொத்த விளைச்சல் பெருகி விலை இறங்குகிறது. விலை மலிந்தது என்பதற்காக யாரும் இரண்டு மடங்கு சாப்பிடுவதில்லை. அதனால் விளைச்சல் கொஞ்சம் கூடினாலே விலை நிறைய விழும். கடைசியில் வருபவர் பழைய லாபத்தைக் காப்பாற்றவே புதிய செலவைச் செய்தாக வேண்டியிருக்கிறது. செய்ய முடியாதவர் நிலத்தை விட்டுப் போகிறார்.

இன்னொரு பக்கம் இடுபொருள் விலை. அம்மோனியா தயாரிப்பில் பெருஞ்செலவு இயற்கை எரிவாயுதான். 2022இல் உக்ரைன் போரையொட்டி எரிவாயு விலை ஏறியதும் உர விலை உலகெங்கும் எகிறியது நினைவிருக்கும். மணிச்சத்துக்கான பாறைக் கனிம இருப்பில் ஏறத்தாழ 70 சதவீதம் மொராக்கோவிலும் மேற்கு சகாராவிலும் இருக்கிறது. வெளியிலிருந்து வாங்குவதை எவ்வளவுக்கு எவ்வளவு நம்பியிருக்கிறோமோ, அவ்வளவுக்கு அவ்வளவு நம் கையில் இல்லாத விலைகளுக்கு ஆட்படுகிறோம். நிலைத்தன்மை என்றால் ஆற்றையும் காட்டையும் மட்டும் யோசிக்கிறோம்; விலை ஒரு பருவம் ஆடினாலே கவிழ்ந்துவிடும் பண்ணையும் நிலைக்காத பண்ணைதான்.

ரசாயன உரம் போட்டால் மண் செத்துவிடும் என்கிறார்களே?

இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் பிராட்பாக் என்ற வயல் இருக்கிறது. 1843 முதல் அங்கே கோதுமை விதைத்து வருகிறார்கள். ஒரு துண்டில் எந்த உரமும் இல்லை, இன்னொன்றில் தொழுவுரம், மற்றவற்றில் பல அளவுகளில் ரசாயன உரம். உரமே போடாத துண்டு இன்னும் ஹெக்டேருக்கு ஒரு டன் அளவில் நிற்கிறது. ரசாயன உரம் போட்ட துண்டுகளில் விளைச்சல் காலப்போக்கில் சரியவில்லை. நல்ல ரகங்கள் வந்ததும் ஏறவே செய்தது. ஆகவே உரம் போட்டாலே மண் செத்துவிடும் என்பது உண்மையல்ல.

ஆனால் அதே வயலில் தொழுவுரத் துண்டின் கரிமச் சத்து மற்றவற்றைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அதே நிலையத்தின் பார்க் கிராஸ் புல்வெளியில், 1856இல் தொடங்கிய சோதனையில், அம்மோனியம் சல்பேட்டைச் சுண்ணாம்பு சேர்க்காமல் தொடர்ந்து போட்ட பகுதிகளில் மண் கடும் அமிலமாகிவிட்டது; அங்கே விரல்விட்டு எண்ணக்கூடிய புல்வகைகளே மிஞ்சின. எந்த உரம், எதனோடு சேர்த்து, எதைத் திருப்பிக் கொடுத்து என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. விளைந்த வைக்கோலையும் தட்டையையும் எரித்துவிட்டு, வருடம் முழுவதும் உழுது, உரத்தை மட்டும் நம்பினால் மண் கட்டமைப்பு கெடும். குற்றம் அப்போது அந்த மொத்த முறையுடையது.

உங்கள் மண்ணை நீங்களே பார்க்கலாம். வயலின் மேல்மண்ணிலிருந்து கட்டைவிரல் அளவுக் கட்டி ஒன்று, உழவு படாத வேலியோரத்திலிருந்து இன்னொன்று எடுங்கள். இரண்டையும் நிழலில் நன்றாக உலர விடுங்கள். இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, சிறு கம்பி வலையில் வைத்து மெதுவாக மூழ்கவிடுங்கள். கரிமச் சத்து வற்றிய கட்டி குமிழி விட்டு, ஓரம் உதிர்ந்து, சில நிமிடங்களில் சேறாகக் கீழே படிந்துவிடும். பூஞ்சை இழைகளும் வேர்க்கசிவும் பிணைத்து வைத்திருக்கும் கட்டி அரைமணி கழித்தும் அப்படியே இருக்கும், தண்ணீரும் தெளிவாக இருக்கும். முதல் வகை மண்ணில் பெருமழை அடித்தால் மேற்பரப்பு பூசி மெழுகினதாக அடைத்துக்கொள்ளும். தண்ணீர் உள்ளே இறங்காமல் மேல்மண்ணை வாரிக்கொண்டு ஓடும். ஒரு சென்டிமீட்டர் மண் உருவாக நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஒரே மழையில் அதில் ஒரு பகுதி போவதை எந்தச் சாகுபடிச் செலவுக் கணக்கும் எழுதுவதில்லை.

பூச்சிமருந்தைக் குறைத்தால் பயிர் என்னாவது?

இந்தோனேசியாவில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே 1970களிலும் 80களிலும் நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சி பயிரை வாட்டியது. அரசு பூச்சிமருந்துக்குப் பெரும் மானியம் கொடுத்தது. மருந்து கூடக் கூடப் பூச்சியும் கூடியது.

காரணம் பயிரின் தூரிலேயே இருக்கிறது. புகையான் தன் முட்டைகளை இலையுறைத் திசுவுக்குள் செருகி வைக்கும். மேலே தெளிக்கும் மருந்து அங்கே போய்ச் சேருவதில்லை. தூர்களுக்கிடையே அலையும் சிலந்திகளும், முட்டையை உறிஞ்சும் நாவாய்ப் பூச்சிகளும் மருந்தில் செத்துவிடும். ஒரு வாரம் பத்து நாளில் முட்டை பொரிந்து குஞ்சுகள் வெளியே வரும்போது எதிரியே இல்லாத வயல் அவற்றுக்காகக் காத்திருக்கும். சிலந்தி திரும்பப் பெருக நாளாகும். புகையான் அதற்குள் அடுத்த தலைமுறையையும் பார்த்துவிடும்.

1986இல் அதிபர் ஆணை மூலம் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகள் தடை செய்யப்பட்டன. மானியமும் படிப்படியாக நீக்கப்பட்டு 1989 வாக்கில் நின்றது. அதே ஆண்டில் விவசாயிகள் வாரந்தோறும் வயலில் கூடி, தூரைப் பிரித்துப் பூச்சியையும் சிலந்தியையும் எண்ணிப் பார்த்து முடிவெடுக்கும் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. மருந்துப் பயன்பாடு விழுந்தது. நெல் உற்பத்தி விழவில்லை, தொடர்ந்து ஏறியது.

எல்லாப் பயிரிலும் எல்லாப் பூச்சியிலும் இப்படியே நடக்கும் என்று சொல்லமாட்டேன். மருந்து அவசியமான நேரங்கள் உண்டு. பூச்சி செய்யப்போகும் சேதம் மருந்துச் செலவைத் தாண்டும் என்று எண்ணிப் பார்த்துத் தெரிந்த பிறகு தெளிப்பதும், நாள்காட்டியைப் பார்த்துத் தெளிப்பதும் ஒன்றல்ல. ஒரே மருந்தை வருடக்கணக்கில் அடித்தால் எதிர்ப்புத் திறன் வந்தே தீரும். களைக்கொல்லியைத் தாங்கும் பயிர்கள் 1996இல் சந்தைக்கு வந்தன. பத்தே ஆண்டுகளுக்குள் கிளைபோசேட் என்ற களைக்கொல்லிக்கு மசியாத, கீரை இனத்துக் களை அமெரிக்கப் பருத்தி வயல்களில் உறுதியானது.

சொட்டுநீர் போட்டால் தண்ணீர்ப் பிரச்சினை தீர்ந்துவிடுமா?

தனியாக அது தீர்க்காது. மனிதர்கள் ஆறு, ஏரி, நிலத்தடியிலிருந்து எடுக்கும் நன்னீரில் சுமார் 70 சதவீதம் விவசாயத்துக்குப் போகிறது. சாகுபடி நிலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் பாசனம் பெறுகிறது, ஆனால் உணவில் 40 சதவீதம் அங்கிருந்து வருகிறது. பாசனத்தைக் கைவிட முடியாது.

சொட்டுநீர் ஒரு வயலின் தேவையைக் குறைக்கும், சந்தேகமில்லை. ஆனால் மிச்சமான தண்ணீரை வைத்துப் பக்கத்து நிலத்தையும் நனைத்தால், அல்லது அதிக நீர் குடிக்கும் பயிருக்கு மாறினால், நிலத்தடியிலிருந்து எடுக்கும் மொத்த அளவு குறையவே குறையாது. பழைய முறையில் வயலிலிருந்து கசிந்து நிலத்தடிக்குத் திரும்பிய நீரும் இப்போது திரும்புவதில்லை. மொத்தம் எவ்வளவு எடுக்கலாம் என்ற வரம்பு இல்லாமல் கருவியை மட்டும் கொடுத்தால் கிணறு ஆழமாகிக்கொண்டே போகும்.

வரம்பு வைத்தால் வருமானம் போய்விடுமே என்பார்கள். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், ஒகல்லாலா நிலத்தடி நீர்ப்படுகை மீது இருக்கும் ஷெரிடன் பகுதி விவசாயிகள் தாங்களே கூடிப் பேசி, 2013 முதல் ஐந்து ஆண்டுகளுக்கு நீர் எடுப்பை 20 சதவீதம் குறைப்பதாக முடிவெடுத்தார்கள். குறைத்தது அதற்கும் மேல். விளைச்சல் லேசாகத்தான் இறங்கியது. மோட்டார், விதை, உரச் செலவு குறைந்ததால் வருமானம் அடிபடவில்லை. இறைத்த கடைசித் தண்ணீரும் அந்தக் கடைசி மூட்டை உரம் மாதிரிதான் இருந்திருக்கிறது.

வரம்பே இல்லாமல் போனதற்கு மத்திய ஆசியாவின் ஆரல் கடல் சாட்சி. 1960இல் உலகின் நான்காவது பெரிய ஏரி அது. பருத்திப் பாசனத்துக்காக ஆமு தாரியா, சிர் தாரியா ஆறுகளைத் திருப்பியதில் பெரும்பகுதி வறண்டு, உப்புத் தூசி பறக்கும் நிலமாகிவிட்டது. வடிகால் இல்லாமல் நீர் பாய்ச்சிய அந்த வயல்களிலும் உப்பு ஏறியது.

எல்லோரும் இயற்கை விவசாயத்துக்கு மாறினால்?

பல நாடுகளின் சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வுகளில் இயற்கை முறையின் விளைச்சல் சராசரியாக 20 முதல் 25 சதவீதம் குறைவு. பயிர்ச் சுழற்சியும் நல்ல மேலாண்மையும் இருக்கும் இடங்களில் இடைவெளி சுருங்குகிறது. நல்ல விலை கிடைத்தால் விவசாயிக்கு லாபமும் உண்டு. மண்ணுக்கும் உயிரினங்களுக்கும் நல்லது என்பதிலும் எனக்கு மாற்றுக் கருத்தில்லை.

ஆனால் திடீரென்று ஒரே இரவில் மாறுவது கொடுமை. இலங்கை 2021இல் ரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தது. மாற்று உரம் தயாராக இல்லை, மண்ணுக்கும் விவசாயிக்கும் அவகாசம் தரவில்லை. நெல் விளைச்சல் சரிந்தது, தேயிலை அடிபட்டது, ஆண்டு முடிவதற்குள் தடையை விலக்கிக்கொண்டார்கள். அதற்கு விலை கொடுத்தவர்கள் சிறு விவசாயிகள்.

பயிர்ச் சுழற்சி லாபம் தருமா? ஏட்டில் மட்டும்தானா?

அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மார்ஸ்டன் பண்ணையில் 2001இல் ஒரு நீண்டகாலச் சோதனை தொடங்கினார்கள். ஒரு பக்கம் மக்காச்சோளம், சோயா என்று இரண்டே பயிர் மாறி மாறி. இன்னொரு பக்கம் மூன்று அல்லது நான்கு ஆண்டுச் சுழற்சி: இடையில் ஓட்ஸ் போன்ற சிறுதானியம், நைட்ரஜனை நிலைப்படுத்தும் தீவனப் பயிர், கூடவே மாட்டு எரு. நீண்ட சுழற்சியில் விளைச்சல் குறையவில்லை, சில பயிர்களில் கூடியது. ரசாயன உரமும் களைக்கொல்லியும் பெருமளவு குறைந்தன. லாபம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

மாறியது ஒன்று: வேலை கூடியது. பணமாகச் செலவானது, நீண்ட சுழற்சியில் உழைப்பாகவும் அறிவாகவும் செலவாகிறது. ஆள் கிடைக்காத இடத்தில் இது சின்ன விஷயமல்ல. கால்நடையே இல்லாத ஊரில் தீவனப் பயிரை யார் வாங்குவார்கள் என்ற கேள்வியும் இருக்கிறது. சுழற்சி நல்லது என்று எல்லோருக்கும் தெரியும். சுழற்சியில் இடையே வரும் பயிருக்குச் சந்தை இல்லாததால்தான் பலர் விடுகிறார்கள். இதை நான் மிக முக்கியமான தடையாகப் பார்க்கிறேன்.

குறைந்த நிலத்தில் தீவிரமாகச் செய்து மீதியைக் காட்டுக்கு விடலாமே?

விடுவார்கள் என்று உறுதி இருந்தால் நல்ல யோசனை. விளைச்சல் கூடி லாபமும் கூடினால் இன்னும் கொஞ்சம் காட்டை வெட்டத்தான் தோன்றும். காட்டுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லாத இடத்தில் விளைச்சல் உயர்வு தானாக எதையும் காப்பாற்றாது.

செயற்கைக்கோள், சென்சார், ட்ரோன் எல்லாம் பயன்படுமா?

பெரிய பண்ணையில், வயலுக்குள்ளேயே மண் மாறும் இடத்தில், பயன்படும். சிறு வயலில் இலையின் பச்சையை ஒப்பிடும் வண்ண அட்டை அதே வேலையைச் செய்துவிடும். கடன் வாங்கி வாங்கும் கருவி மிச்சப்படுத்தும் உரத்தைவிடக் கடனின் வட்டி பெரிதா என்று முதலில் பாருங்கள்.

சிறு விவசாயிகளால் இதெல்லாம் முடியுமா?

சீனாவில் 2005 முதல் 2015 வரை 2 கோடிக்கும் மேற்பட்ட சிறு விவசாயிகளோடு ஆராய்ச்சியாளர்களும், வயலுக்கு வந்து ஆலோசனை சொல்லும் விரிவாக்கப் பணியாளர்களும் சேர்ந்து வேலை செய்தார்கள். ரகம், விதைக்கும் நாள், பயிர் இடைவெளி, உரத்தின் அளவும் தவணையும் என ஒவ்வொரு பகுதிக்கும் பொருந்தும் பரிந்துரைகள் வகுத்தார்கள். நெல், கோதுமை, மக்காச்சோளத்தில் விளைச்சல் சராசரியாக 11 சதவீதம் அளவுக்கு ஏறியது. தழைச்சத்துப் பயன்பாடு பயிரைப் பொறுத்து ஏறத்தாழ 15 முதல் 18 சதவீதம் இறங்கியது. விலை உயர்ந்த கருவியால் வந்ததல்ல இது. வயலுக்கே வந்து கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இருந்ததால் வந்தது.

அரசு என்ன செய்ய வேண்டும்?

விவசாயிகளுக்கு உலக அரசுகள் தரும் ஆதரவு ஆண்டுக்கு சுமார் 54,000 கோடி அமெரிக்க டாலர் என்றும், அதில் 87 சதவீதம் விலையைத் திரிப்பதாகவோ சூழலுக்கும் சமூகத்துக்கும் கேடு செய்வதாகவோ இருக்கிறது என்றும் ஐநா அமைப்புகள் 2021இல் கணக்கிட்டன. இந்தப் பணத்தைப் பறிக்க வேண்டாம், இடம் மாற்றுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. உர மூட்டைக்குத் தரும் அதே பணத்தை மண் பரிசோதனைக்கும், சுழற்சியில் இடையே வரும் பயிரின் கொள்முதலுக்கும், விரிவாக்கப் பணியாளருக்கும், மாறும் ஆண்டுகளில் வருமானக் காப்புக்கும் கொடுக்கலாம்.

கட்டுப்பாடும் வேண்டும், அதற்கும் அளவு உண்டு. டென்மார்க் 1980களிலிருந்து உரத்துக்கும் எருவுக்கும் கண்டிப்பான விதிகள் கொண்டுவந்து, வயல்களிலிருந்து கசியும் நைட்ரேட்டை ஏறத்தாழ பாதியாக்கியது. விளைச்சல் கவிழவில்லை. ஆனால் லாபகரமான அளவுக்கும் கீழே உர வரம்பை இறக்கியபோது தானியத்தின் புரதம் குறைந்தது, விவசாயிகள் எதிர்த்தார்கள், பின்னர் அந்த வரம்பு தளர்த்தப்பட்டது. லாபப் புள்ளி வரை குறைப்பதில் விவசாயிக்கு நட்டமில்லை. அதற்குக் கீழே குறைக்கச் சொன்னால், தூய்மையான தண்ணீரைக் குடிக்கும் எல்லோரும் அந்தச் செலவில் பங்கு போட வேண்டும்.

சரி, என் வயலில் எங்கிருந்து தொடங்குவது?

மூன்று பட்டைகளிலிருந்து. வயலில் மண் ஒரே மாதிரி இருக்கும் பகுதியைப் பார்த்து, பத்தடி அகலத்தில் மூன்று பட்டைகள் குச்சி நட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றில் வழக்கமான தழைச்சத்து. இரண்டாவதில் அதில் முக்கால்பங்கு. மூன்றாவதில் தழைச்சத்தே வேண்டாம். மணிச்சத்து, சாம்பல்சத்து, தண்ணீர், களையெடுப்பு எல்லாம் மூன்றிலும் ஒன்றுபோல இருக்கட்டும். பாசன வயலானால் ஒரு பட்டையின் நீர் அடுத்ததில் பாயாதபடி சிறு வரப்பு போடுங்கள்.

அறுவடையில் மூன்றையும் தனித்தனியாக அடித்து எடை போடுங்கள். தழைச்சத்து போடாத பட்டை, உங்கள் மண் தானாக எவ்வளவு தருகிறது என்று காட்டும். முழு அளவுக்கும் முக்கால் அளவுக்கும் உள்ள விளைச்சல் வித்தியாசத்தை விற்கும் விலையால் பெருக்கி, மிச்சமான உரத்தின் விலையோடும் அதைப் போடும் கூலியோடும் ஒப்பிடுங்கள். கூடுதல் விளைச்சலின் மதிப்பு அந்தச் செலவைத் தாண்டவில்லை என்றால் அந்தக் கால்பங்கு உங்களுக்குத் தேவையில்லை.

ஒரு பருவத்தை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். நல்ல மழையாண்டில் வரும் பதிலும் வறண்ட ஆண்டில் வரும் பதிலும் வேறாக இருக்கும். மூன்று பருவமாவது செய்து, ஒரே நோட்டில் தேதி, மழை, எடை எழுதி வையுங்கள். தழைச்சத்து போடாத பட்டையை மட்டும் ஒவ்வொரு பருவமும் புது இடத்துக்கு மாற்றிவிடுங்கள். ஒரே இடத்தில் வைத்தால் அந்த மண் வற்றிப்போய்க் கணக்கைத் தப்பாகக் காட்டும்.